யாழ்ப்பாணத்தில வீடு வாங்கிறதெண்டா வீட்டைக் கடைசியாப் பாருங்கோ

கொழும்பில வெள்ளவத்தைப் பக்கம் 11 வருசம் வாடகை கட்டி, பேந்து இஞ்ச வந்து கொக்குவில்ல ஒண்டரை வருசம் வாடகைக்கு இருந்து, ஒருமாதிரிக் கோண்டாவில்ல ஒரு வீடு வாங்கி இப்ப குடியிருக்கிறம். அதுக்குப் பிறகு தெரிஞ்ச ஆக்கள் எல்லாம், கொழும்பால வாறவை, வவுனியாவால வாறவை, கனடாவில இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்கு வீடு பாக்கிறவை எண்டு எல்லாரும் போன் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேக்கினம், ஒரு பரப்புக் காணி என்ன விலை போகுது எண்டு. விலை பேந்து கேக்கலாம். அதுக்கு முதல் கேக்க வேண்டியது கனக்கக் கிடக்கு, அதை ஒருக்கா வடிவா எழுதி வைச்சா ஒவ்வொருத்தருக்கும் போன்ல ஒப்பிக்கத் தேவையில்லை எண்டுதான் இது. நான் லோயர் இல்லை, மாட்டுப்படப் பாத்துத் தப்பின ஆள்.

முதல் வேலை: ஒரு மாரி வாடகைக்கு இருங்கோ

வந்த உடன வாங்காதேங்கோ. தை மாசியில பாத்தா யாழ்ப்பாணத்தில எல்லாக் காணியும் நல்ல காணிதான், காத்தும் வெயிலும் மாமர நிழலும். ஐப்பசி பாதிக்குப் பிறகு மழை பிடிச்சு கார்த்திகை மார்கழியில ஊத்தேக்கதான் எந்த ஒழுங்கை முழங்கால் தண்ணியில நிக்குது, எந்த வீட்டு ரொய்லெற் பொங்குது, எந்த வளவில ஒரு மணித்தியாலத்தில தண்ணி வத்துது எண்டு தெரியும். நாங்கள் ஆவணியில பாத்து ஆசைப்பட்ட ஒரு வீட்டைக் கார்த்திகையில போய்ப் பாத்தம், படியில இருந்து காலைக் கீழ வைக்க ஏலாது. 2008ல நிஷா புயலுக்கும் 2024 கார்த்திகையில வந்த மழைக்கும் உங்க தண்ணி எவ்வளவுக்கு நிண்டது எண்டு அயலில கேளுங்கோ, விக்கிற ஆளிட்டக் கேக்காதேங்கோ.

வாடகை வீடு எடுக்கேக்க ஒண்டு தெரிஞ்சிருக்கோணும், கன வீட்டுக்காரர் வெளிநாட்டில, சாவி தங்கச்சியிட்டயோ மச்சானிட்டயோ இருக்கும், ஓடு உடைஞ்சாக்கூட அவை அங்க கேட்டுத்தான் சொல்லுவினம். எங்களிட்ட ஒரு வருசக் காசை ஒண்டாக் கேட்டவை, பேசி ஆறு மாசத்துக்குக் கொண்டு வந்தனாங்கள். திருநெல்வேலிப் பக்கம் கம்பஸ் பிள்ளையள் அறை எடுக்கிறபடியா அங்க வீடு கிடைக்கிறதும் கஸ்டம் வாடகையும் கூட. நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட எண்டா கொடியேற்றம் தொடங்கி 25 நாளைக்கு வீதி மூடுவினம், வாகனம் உள்ளுக்க கொண்டுபோறதுக்குப் பாஸ் தேடித் திரியோணும், திருவிழாவுக்கு வாறவைக்குக் குடுக்க உங்களை எழும்பச் சொல்லவும் கூடும், அதையும் முதலே கதைச்சுக்கொள்ளுங்கோ.

இடம்

இது ஆளாளுக்கு வித்தியாசம், நான் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். கொக்குவில், கோண்டாவில், இணுவில் எல்லாம் காங்கேசன்துறை வீதியோடயும் ரயில் பாதையோடயும் போற ஊருகள், ரவுணுக்கு ஓட்டோவில கிட்ட, 2014 ஐப்பசியில யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் திரும்பி வந்த பிறகு இந்தப் பக்கம் ஸ்ரேசனுகளும் திரும்பத் திறந்தது. ஆனா தண்டவாளத்துக்குக் கிட்ட வாங்கிறதெண்டா பிள்ளையள் பள்ளிக்கூடம் போற வழியில கடவைக்குக் கேற் இருக்கோ இல்லையோ எண்டு நடந்து போய்ப் பாருங்கோ. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் செம்மண், தோட்டக் காணி, வாழையும் வெங்காயமும், எனக்குப் பிடிச்ச பக்கம், ஆனா மருந்தடிக்கிற நாளில யன்னல் பூட்டோணும். அரியாலை, நாவற்குழிப் பக்கம் ஏ9 வீதி கிட்ட, ஆனா கடல்நீரேரிப் பக்கம் போகப் போகக் காணி தாழ்வு. சாவகச்சேரிப் பக்கம் தென்னங்காணி, மனசுக்குக் குளிர்மை, ரவுணில வேலை எண்டா ஓட்டம் கூட. வலிகாமம் வடக்கில வாங்கிறதெண்டா அந்தத் துண்டு ராணுவத்திட்ட இருந்து விடுபட்ட காணியோ, இப்பவும் வேலிக்கு அங்கால ராணுவம் இருக்கோ எண்டு விதானையாரிட்டயும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்திலயும் கேட்டுப்போட்டு மிச்சத்தைக் கதையுங்கோ.

இன்னொண்டு, எந்தச் சபைக்குக் கீழ வருது எண்டு பாருங்கோ. கொக்குவிலும் கோண்டாவிலும் நல்லூர் பிரதேச சபை, ரவுண் மாநகரசபை, சுன்னாகம் வலிகாமம் தெற்கு, மானிப்பாய் வலிகாமம் தென்மேற்கு. சோலைவரி (வீட்டுக்குச் சபை எடுக்கிற வரி), பிளான் பாஸ் பண்ணுறது, குப்பை எடுக்கிறது எல்லாம் இவையோடதான், வேலி தாண்ட வேற சபையாவும் இருக்கும்.

தண்ணி

இதிலதான் நான் நிண்டு கதைப்பன். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, அடியில சுண்ணாம்புக்கல்லு, பெய்யிற மழைதான் அந்தக் கல்லு வெடிப்புக்குள்ளால இறங்கிக் கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிறமாதிரி நிக்குது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இழுத்தா கீழால உப்பு ஏறும். அதாலதான் ஒரு வீட்டுக் கிணறு நல்ல தண்ணியாவும் நாலு வீடு தள்ளி உவராவும் இருக்கு, "இந்த ஊர் நல்ல தண்ணி" எண்டு ஆரும் சொன்னா தலையாட்டிப்போட்டு அந்தக் கிணத்துத் தண்ணியை நீங்களே குடிச்சுப் பாருங்கோ.

ரெண்டுதரம் பாக்கோணும். ஆவணி புரட்டாதியில, கிணறு அடியில நிக்கேக்க ஒருக்கா. மாரி முடிய ஒருக்கா. ஆவணியில உப்புக் கரிக்காத தண்ணி எண்டா பயமில்லை. வீட்டுக்குள்ள போனா குசினியில கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கோ, வெள்ளையாப் படை படிஞ்சிருந்தா கல்லுத்தண்ணி, அது எங்கட ஊரில சாதாரணம், அதுக்காகக் காணியை விட வேண்டாம், குளிக்கிற ஷவர் பூட்டேக்க யோசியுங்கோ. பேந்து ஒரு போத்தில்ல எடுத்து நீர் வழங்கல் சபையில பரிசோதிக்கக் குடுங்கோ, முக்கியமா நைத்திரேற்று பாக்கச் சொல்லுங்கோ. தோட்டத்துக்குப் போடுற உரமும் மலக்குழியும் இந்தக் கல்லுக்குள்ளால நேரா இறங்குது, கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற வீடெண்டா இதை விடவே கூடாது. சுன்னாகம் பக்கம் கிணறுகளில கழிவெண்ணை கலந்த பிரச்சினை 2014, 15ல ஊரையே கலக்கினது, அந்தப் பக்கம் வாங்கிறவை எண்ணைக்கும் சேத்துப் பாருங்கோ.

உங்கட வளவுக்குள்ள கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடையில 50 அடி கிடக்குதெண்டு சந்தோசப்படாதேங்கோ, மதிலுக்கு அங்கால எட்டிப் பாருங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் தன்ர கிணத்தில இருந்து தூரத்தில கட்டோணும் எண்டு உங்கட கிணத்துக்குப் பக்கத்தில கட்டியிருப்பார். ரெண்டு பரப்பு, ஒரு பரப்பு எண்டு துண்டு போட்டு விக்கிற இடங்களில இது கட்டாயம் நடக்கும்.

தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024ல திறந்த பிறகு பைப் தண்ணி வாற இடங்கள் கூடியிருக்கு. ஒழுங்கையில பைப் தாட்டிருக்கு எண்டு காட்டுவினம். தாட்டது வேற தண்ணி வாறது வேற, பக்கத்து வீட்டில போய் ரப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ.

பரப்பும் காணியின்ர பேரும்

கொழும்புக்காரர் பேர்ச்சஸ்ல யோசிப்பினம், இஞ்ச பரப்பு, உறுதியில, அதாவது காணிப் பத்திரத்தில, அதையே லாச்சம் எண்டும் எழுதியிருப்பினம். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அதாவது 2722.5 சதுர அடி, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆனா பழைய உறுதியில வரகு விதைக்கிற காணிக்கு ஒண்டு, நெல்லு விதைக்கிற காணிக்கு ஒண்டு எண்டு ரெண்டு கணக்கு இருக்கு, ரெண்டும் ஒரே அளவில்லை, மிச்சத்தைக் குளி எண்ட சின்ன அளவில எழுதியிருப்பினம். நான் சொன்ன 10 பேர்ச்சஸ் வரகுக் கணக்கு. இதெல்லாத்தையும் விட்டுப்போட்டு லைசன்ஸ் உள்ள சேவயரைப் பிடிச்சுப் புதுசா அளந்து பிளான் எடுங்கோ, அந்தக் காசைப் பாக்காதேங்கோ. உறுதியில நாலு பரப்பு, நிலத்தில மூண்டே முக்கால் எண்டு வந்தா ஆரோ எப்பவோ வேலி அரக்கியிருக்கினம்.

உறுதியில காணிக்கு ஒரு பேர் இருக்கும், அதை வாசியுங்கோ, அந்தக் காலத்து ஆக்கள் மண்ணைப் பாத்துத்தான் பேர் வைச்சவை. கலட்டி எண்டு முடிஞ்சா கல்லு நிலம், கிணறு வெட்டவும் மலக்குழி வெட்டவும் கல்லு உடைக்கிற செலவு இருக்கு. தரவை, பள்ளம், வயல் எண்டு வந்தா மாரியில நாலுதரம் போய்ப் பாருங்கோ, எவ்வளவு மண் போட்டு உயத்தியிருந்தாலும் தண்ணிக்குத் தன்ர இடம் தெரியும். வளவு எண்டா சனம் குடியிருந்த மேட்டு நிலம். எங்கட கோண்டாவில், கொக்குவில்ல வாற வில்லே நீர்நிலை எண்டுதான் சொல்லுவினம், அப்ப யோசிச்சுப் பாருங்கோ.

வழி வாய்க்கால்

எங்கட கதையை இதில சொல்லோணும். நாங்கள் முதல் பிடிச்ச வீடு இப்ப இருக்கிறதை விட வடிவு, மாபிள் போட்ட விறாந்தை, முன்னுக்கு ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம், விலையும் பேசி அட்வான்ஸ் குடுக்கிற நாளும் குறிச்சாச்சு. கடைசியா ஒருக்காப் பாப்பம் எண்டு போனா, பக்கத்து வளவில கூட்டிக்கொண்டு நிண்ட ஆச்சி ஒருத்தர் கூட்டுமாறை நிப்பாட்டிப்போட்டு, "பிள்ளை, ஒழுங்கை ஆரின்ர எண்டு கேட்டனீங்களே?" எண்டா. நாங்கள் ஒழுங்கை எண்டா எல்லாருக்கும் பொது எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறம்.

பேந்து உறுதியை எடுத்துப் பாத்தா, காணி எழுதி முடிய வழமையா வாற "கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும்" எண்ட வரி அதில இல்லை. முந்தி முழுக்கத் தகப்பன்ர வளவு, பிள்ளையளுக்குப் பிரிச்சு எழுதேக்க பின்துண்டுக்கு வழி எழுதாம விட்டிருக்கினம், அண்ணன் தம்பி எண்டபடியா ஆரும் கேக்கேல்லை, அண்ணன் முன்துண்டை வேற ஆளுக்கு வித்தாச்சு, அந்த ஆள் நல்ல மனுசன் எண்டு விட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்கு அவர் ஒரு கேற்றைப் போட்டா நாங்கள் வழிக்கு வழக்குப் போட்டுக்கொண்டு கோட்டுப் படியில நிக்கிறதுதான். விட்டிட்டம். ஆச்சியை நான் இண்டைக்கும் கோயிலில கண்டா நிண்டு கதைச்சுப்போட்டுத்தான் போவன்.

அப்ப உறுதியில மூண்டைத் தேடுங்கோ: வழி எத்தினை அடி அகலம், கிணறு சொந்தமோ பங்கோ, பங்கெண்டா எத்தினையில ஒண்டு. பங்குக் கிணறு கூடாது எண்டில்லை, மோட்டர் ஆர் எப்ப போடுறது, இறைக்கிற செலவு ஆர் எண்டதைப் பங்காளரிட்ட முதலே போய் முகத்தைப் பாத்துக் கதையுங்கோ. ஒழுங்கையின்ர அகலத்தை நாடா பிடிச்சு அளவுங்கோ, ஓட்டோ போற ஒழுங்கையால சீமெந்து லொறியும் மலக்குழி உறிஞ்சுற பவுசரும் போகாது.

உறுதி

இதை நீங்களாப் பாக்க வேண்டாம், உங்களுக்கெண்டு ஒரு லோயரைப் பிடியுங்கோ, விக்கிறவர் கூட்டிக்கொண்டு வாற ஆள் வேண்டாம், புரோக்கர் சொல்லுற ஆளும் வேண்டாம். அவர் காணிப்பதிவகத்தில தோம்பு (காணி கைமாறின பதிவு) எடுத்து ஆகக் குறைஞ்சது 30 வருசத்துக்குப் பின்னால போய்ப் பாப்பார், பாங்க் லோன் எடுக்கிறதெண்டா அவையும் அதைத்தான் கேப்பினம். ஈடு, வழக்கு, வேற உறுதி ஏதும் பதிஞ்சிருந்தா அதிலதான் தெரியும். ஆளில்லாமக் கிடக்கிற வெளிநாட்டுக்காரரின்ர காணிக்குக் கள்ள உறுதி எழுதிற வேலை இஞ்ச நடந்திருக்கு, உறுதியை மட்டும் கையில வைச்சுப் பாத்து ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாது.

இஞ்சத்தைக் காணியளுக்குத் தேசவழமை எண்டு தனிச் சட்டம் இருக்கு, ஒல்லாந்தர் 1707ல எழுத்தில தொகுத்தது, இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. வெளியால இருந்து வாறவை இதிலதான் மாட்டுப்படுறவை. 1947ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டுப் பங்காளருக்கும் உரித்துக்காரருக்கும் முதல் வாங்கிற உரிமை இருக்கு, அவைக்கு அறிவிக்காம உங்களுக்கு வித்தா பேந்து அவை கோட்டுக்குப் போய் அதே விலைக்குத் தங்களுக்குத் தரச்சொல்லிக் கேக்கலாம். பிரிபடாத பங்கு வாங்கிறதெண்டா எல்லாப் பங்காளருக்கும் முறைப்படி அறிவிச்சு, வேண்டாம் எண்டதை எழுத்தில வாங்கின பிறகு பாருங்கோ. என்னைக் கேட்டா பிரிபடாத பங்கே வேண்டாம்.

சீதன உறுதியில பொம்பிளையின்ர பேரில இருக்கிற காணிக்கு, அவ தனியக் கையெழுத்து வைச்சாப் போதாது, 1911ம் ஆண்டுச் சட்டப்படி புருசன்ர எழுத்துச் சம்மதமும் வேணும். நல்ல சட்டமோ எண்டு கேட்டா நான் இல்லையெண்டுதான் சொல்லுவன், ஆனா இருக்கிறவரைக்கும் அவரின்ர கையெழுத்தையும் வாங்குங்கோ. மற்றது சீவிய உரித்து. தாய் தகப்பன் பிள்ளைக்கு நன்கொடை எழுதேக்கத் தாங்கள் உள்ளவரைக்கும் இருக்கிற உரிமையை வைச்சுக்கொண்டுதான் எழுதுவினம், பிள்ளை உங்களுக்கு வித்தாலும் அறைக்குள்ள படுத்திருக்கிற அம்மம்மாவை எழுப்ப ஏலாது, எழுப்பவும் கூடாது. அவவும் உறுதியில ஒப்பம் வைச்சு விடுறாவோ எண்டு பாருங்கோ.

விக்கிறவர் வெளிநாட்டில, அற்றோணித் தத்துவத்தில இஞ்ச ஒராள் கையெழுத்து வைக்கிறார் எண்டா, தத்துவம் குடுத்த ஆளோட நீங்களே வீடியோவில கதையுங்கோ. அந்த ஆள் செத்தா தத்துவமும் செத்துது, சிலவேளை அது தெரியாமலே இஞ்ச வித்துக்கொண்டிருப்பினம். ஆடி ஆவணியில திருவிழாவுக்கு எல்லாரும் வந்து நிக்கேக்க விலை ஏறித்தான் கிடக்கும், பவுண்ஸிலயும் டொலரிலயும் யோசிப்பினம், ஆனா பங்காளர் அஞ்சு பேரும் ஒரே ஊரில நிக்கிறதும் அப்பதான். நாங்கள் விலையைச் சித்திரையில பேசி முடிச்சுக் கையெழுத்தை ஆவணியில வைச்சம்.

கனடா, லண்டன் ஆக்களுக்கு ஒண்டு: 2014ம் ஆண்டு 38ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இஞ்ச காணி வாங்க ஏலாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவை வாங்கலாம். மச்சான்ர பேரில வாங்கி வைப்பம் எண்டு தொடங்கினவையின்ர கதையள் எனக்கு நாலு தெரியும், நாலிலயும் இப்ப மச்சானோட கதை பேச்சில்லை.

வீடு

இப்பதான் வீட்டுக்குள்ள போறம். பழைய ஓட்டு வீடெண்டா மேல ஏறி பனஞ்சிலாகையையும் வளையையும் தட்டிப் பாக்க ஒரு தச்சுவேலை ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நல்ல வைரப்பனை எண்டா உங்கட பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கும், கறையான் பிடிச்சதெண்டா தட்டேக்கயே சத்தம் வேற. புது வீடெண்டா சுவரின்ர அடியைப் பாருங்கோ, பெயின்ற் உரிஞ்சு வெள்ளையாப் பூத்திருந்தா மண்ணிலயோ தண்ணியிலயோ உப்பு, விக்கிறதுக்கு முதல் புதுசா ஒருக்கா அடிச்சு மறைச்சிருப்பினம், அதாலதான் மழைக்குப் பிறகு பாருங்கோ எண்டுறன். கட்டட பிளான் சபையில பாஸ் பண்ணினதோ, மேல் வீடு பேந்து அனுமதியில்லாமப் போட்டதோ, சோலைவரி எத்தினை வருசம் நிலுவை, வீதி அகலிக்கிறதுக்குள்ள காணி போகுதோ, எல்லாம் சபையில எழுத்தில கேளுங்கோ. கரண்ட் பில் செத்துப்போன தாத்தாவின்ர பேரில இருக்கும், அதை மாத்திறது பெரிய விசயமில்லை, அலைச்சல்தான்.

காசும் கையெழுத்தும்

விலைக்கு மேல எவ்வளவு எண்டு முதலே கணக்குப் போடுங்கோ. முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அப்ப 1 கோடி ரூபா வீட்டுக்கு 3,99,000 ரூபா. அதுக்கு மேல நொத்தாரிசுக் (உறுதி எழுதிற லோயர்) காசு, சேவயர் காசு, புரோக்கர் காசு. புரோக்கருக்கு எவ்வளவு, ரெண்டு பக்கமும் வாங்கிறாரோ எண்டதை முதல் வீடு பாக்கப் போகேக்கயே பேசிப்போடுங்கோ. உறுதியில விலையைக் குறைச்சுப் போடுவம் எண்டு சொல்லுவினம், மாகாண இறைவரியில மதிப்பிட்டு மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வாறது உங்களுக்குத்தான், வித்தவர் பிளேன் ஏறியிருப்பார். அட்வான்ஸ் குடுக்கேக்க உடன்படிக்கை எழுதிக் குடுங்கோ, பாங்கால அனுப்புங்கோ, கைக்காசு வேண்டாம்.

கையெழுத்து நாளில விக்கிறவர், ரெண்டு சாட்சி, நொத்தாரிசு எல்லாரும் ஒரே நேரத்தில ஒரே இடத்தில இருக்கோணும், 1840ம் ஆண்டு 7ம் இலக்கச் சட்டத்தில இருந்து இதுதான் முறை, வாங்கிற நீங்களும் கூட நில்லுங்கோ. "நீங்கள் வைச்சிட்டுப் போங்கோ, அவர் பின்னேரம் வந்து வைப்பார்" எண்டு சொன்னா எழும்பி வாங்கோ. எழுதினதோட முடியேல்லை, காணிப்பதிவகத்தில பதிஞ்ச பிறகுதான் முடிஞ்சுது, ஒரே காணிக்கு ரெண்டு உறுதி வந்தா முதல் பதிஞ்சதுக்குத்தான் பலம். பதிஞ்சு நம்பர் விழுந்த உறுதி கைக்கு வருமட்டும் நொத்தாரிசுக்குக் கிழமைக்கொருக்காப் போன் எடுங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை.

குடிபுகுந்த பிறகு

விதானையாரிட்டப் பதிஞ்சு வாக்காளர் இடாப்பில பேரைப் போடுங்கோ, பிள்ளையை முதலாம் தரம் சேர்க்கேக்க அதையும் உறுதியையும்தான் கேப்பினம், அந்த வருசம் ஓடித்திரிஞ்சு பிரயோசனமில்லை. மதில் கட்டிறதெண்டா சேவயர் நட்ட கல்லுகளை முதல் போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிக்கவைச்சுக் கயிறு பிடிச்சுப்போட்டுக் கட்டுங்கோ, தேத்தண்ணியும் குடுங்கோ. அவையின்ர வேலியோட நிக்கிற உங்கட தென்னையில இருந்து தேங்காய் அங்கால விழுந்தா கேக்காதேங்கோ.

உறுதியை அலுமாரிக்குள்ள மட்டும் வைக்க வேண்டாம். 1995 ஐப்பசியில சண்டையால இடம்பெயரேக்க கனபேர் உறுதியை விட்டிட்டுப் போய் இண்டைக்கும் தோம்பு தேடித் திரியினம். எங்கட ஒரிஜினல் பாங்க் லொக்கரில, உறுதிப்படுத்தின கொப்பி ஒண்டு கொழும்பில தம்பியிட்ட, பிளானோட சேத்து ஸ்கான் பண்ணினது என்ர போன்லயும் மனிசியின்ர போன்லயும் கிடக்கு.